பூட்டின வீட்டுக்கு வந்த பிஎச்ஐ

ஆறு வருடத்துக்குப் பிறகு டிசம்பர் லீவுக்குக் கனடாவிலிருந்து யாழ்ப்பாணம் போனேன். வண்ணார்பண்ணையில் அப்பா கட்டின வீடு பூட்டித்தான் கிடக்கிறது, திறப்பு பக்கத்து வளவுச் சின்னம்மாவிடம். மூன்றாம் நாள் காலை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க, கேற்றடியில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது ஊரில் எல்லாரும் சொல்லும் பிஎச்ஐ. மாரி மழையோடு டெங்கு ஏறுகிற காலம், வீடு வீடாகப் பார்க்கிறார்களாம்.

"பூட்டிக் கிடந்ததால இவ்வளவு நாளும் உள்ளுக்குப் பாக்க ஏலாமப் போச்சு அண்ணை" என்றார். வளவு கூட்டிப் பளிச்சென்று கிடந்ததால், வடிவாகப் பாருங்கோ தம்பி என்று கொஞ்சம் மிதப்பாகவே சொன்னேன்.

அவர் முற்றத்தில் நிற்கவே இல்லை. நேரே வீட்டுக்குப் பின்னால் கோடிக்குப் போய், நாங்கள் பாவிக்காத வெளி மலசலகூடத்தைத் திறந்து, மலசலகூடத் தண்ணீர்த் தொட்டியான சிஸ்டனின் வெடித்த மூடியைத் தூக்கி ரோர்ச் அடித்தார். கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர். அதில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த நுளம்புக் குடம்பிகள் (முட்டையிலிருந்து வரும் புழுக்கள்) வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்கின. நான் வருகிறேன் என்று சின்னம்மா இரண்டு கிழமைக்கு முன் ஆள் பிடித்து வீடெல்லாம் கழுவி, அந்தச் சிஸ்டனையும் நிரப்பி வைத்திருந்தா. முட்டை பொரித்து நுளம்பாகப் பறக்கப் பத்து நாள் காணும். டெங்கு நுளம்புக்குச் சாக்கடை தேவையில்லை, இப்படி நல்ல தண்ணீர்தான் பிடிக்கும்.

தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டால் சரிதானே என்றேன். காணாதாம். முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, அடுத்த மழைக்குத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும், அதனால் தேய்த்துக் கழுவ வேண்டும் என்றார். புகை அடிப்பது பறக்கிற நுளம்புக்கு மட்டும்தான், குடம்பிக்கு ஒன்றும் ஆகாது. (புகை அடிக்கிறார்கள் இல்லை என்று நான் கனடாவிலிருந்து எத்தனை தரம் குறை சொல்லியிருப்பேன்!)

பிறகு இலை அடைத்த கூரைப் பீலி, மதிலோரம் கிடந்த பழைய ரயர், கடைசியாகக் கிணறு. கிணற்றை ஏன் எட்டிப் பார்க்கிறார் என்று விளங்கவில்லை. மலேரியாவாம். 2016இல் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது, அதே வருடக் கடைசியிலேயே மன்னாரில் கிணற்றுத் தண்ணீரிலும் பெருகக்கூடிய புது வகை மலேரியா நுளம்பைக் கண்டுபிடித்தார்கள். எங்கள் கிணற்றில் குடம்பியைத் தின்னுகிற மீன் இருந்ததால் தப்பினேன்.

நுளம்பு பெருக இடம் விடக்கூடாது என்று 2007இல் சட்டமே வந்திருக்கிறது, பொறுப்பு வளவுக்காரருக்கு. அவர் நினைத்திருந்தால் வழக்கே போட்டிருக்கலாம். இரண்டு கிழமைத் தவணையோடு ஒரு துண்டு எழுதித் தந்தார். வெளிநாட்டுக்காரர் பூட்டிவிட்டுப் போன வீடுகள்தான் தங்களுக்குப் பெரிய தலையிடி என்று மரியாதையாகத்தான் சொன்னார், எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. போன மாரிக்குச் சின்னம்மாவின் பேரன் டெங்கு வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அப்போது ஊர் ஆட்களுக்குச் சுத்தம் இல்லை என்று ஸ்காபரோவிலிருந்து போனில் விரிவுரை வைத்தவன் நான். இந்த நுளம்பு கனதூரம் பறக்காது. எங்கள் கோடிக்கும் அவன் படுக்கிற அறைக்கும் இடையில் ஒரு மதில்தான்.

அன்றைக்கே சிஸ்டனைக் கழற்றிக் கவிழ்த்தேன், பீலியை வழித்தேன், தண்ணீர்த் தாங்கியை வெறுமையாக்கி வலை கட்டினேன். தவணை முடிய நான் கனடா வந்துவிட்டேன். சின்னம்மா வட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தா: "தம்பி, அந்தப் பெடியன் திரும்ப வந்தவன். உங்கட வீட்டில ஒண்டுமில்லையாம். என்ர கோழிக்கூட்டுக்குப் பின்னால கிடந்த சிரட்டையிலதான் எடுத்தவன், இப்ப துண்டு எனக்கு."