சுயமரியாதைத் திருமணம்: மேடை முதல் பதிவு வரை ஒரு மதிப்பீடு

புரோகிதரும் வேண்டாம், முகூர்த்தமும் பார்க்க வேண்டாம் என்று முடிவெடுத்த இணையருக்குத் தமிழ்நாட்டில் இருக்கும் எளிய வழி இது. 1967-ல் அண்ணா அரசு இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்த 7-ஏ பிரிவு கேட்பது மிகக் குறைவு. உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில், ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொல்லலாம், மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளலாம், தாலி கட்டலாம். ஏதாவது ஒன்று போதும். தாலி கட்டாயமில்லை என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் முன்பே பேசிவிடுங்கள். மேடையில் அந்தப் பேச்சு எழுந்தால் திண்டாடுவது மணமக்கள்தான்.

விழாவின் உயிர் உறுதிமொழி. பல மேடைகளில் கோட்டை விடுவதும் அங்கேதான். தலைமை தாங்குபவர் நீண்ட வரியை ஒரே மூச்சில் படிக்க, மணமக்கள் பாதியை விழுங்கிவிடுகிறார்கள். நான்கைந்து சொற்களாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மைக் சொல்பவர் வாயருகே இருக்க வேண்டும். மணமகள் ‘உங்களை’ என்றும் மணமகன் ‘உன்னை’ என்றும் சொன்னால் சமத்துவம் முதல் வரியிலேயே போய்விடும். இருவருக்கும் ஒரே வாசகம் எழுதுங்கள். உறுதிமொழியும் மாலையும் பத்து நிமிடத்தில் முடியும். வாழ்த்துரைகள் மணிக்கணக்கில் இழுக்கும். அதனால் உறுதிமொழியை முதலில் வையுங்கள். பந்தி தொடங்கிவிட்டால் கேட்க ஆள் இருக்காது.

பெரிய குறை சட்டத்திலேயே இருக்கிறது. இருவரும் இந்துவாக இருந்தால்தான் 7-ஏ செல்லும். பௌத்தர், சமணர், சீக்கியரும் இந்தச் சட்டத்தின் கணக்கில் அதில் அடக்கம். மதத்தை விட்டு வெளியே வந்தவர்களையும் பிறப்பை வைத்தே கணக்கிடுவது வேதனைதான். ஒருவர் கிறித்தவரோ இசுலாமியரோ என்றால் 1954-ம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி: அறிவிப்பு கொடுத்து 30 நாள் காத்திருப்பு, மூன்று சாட்சிகள். மேடை விழாவைத் தனியாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது மட்டும் சட்டத்துக்குப் போதாது.

ஊரைக் கூட்ட முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு 2023-ல் உச்ச நீதிமன்றம் கைகொடுத்தது: திருமணம் பகிரங்கமாக நடக்க வேண்டிய கட்டாயமில்லை, வழக்கறிஞர் நண்பராக முன்னிற்பதிலும் தடையில்லை. எங்கே நடந்தாலும் 2009-ம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். உறுதிமொழித் தாளில் தேதி, இடம் எழுதி, மணமக்களும் சாட்சிகளும் அன்றைக்கே கையெழுத்திடட்டும். மாலை மாற்றும்போது சாட்சிகளின் முகமும் தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள். பெயரும் முன்னெழுத்தும் எல்லாச் சான்றுகளிலும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று விண்ணப்பிக்கும் முன்பே சரிபாருங்கள்.