எந்தப் பாஸ்வேர்டு போட்டாலும் திறந்த மெயில் சர்வர்: கிருஷ்ணகிரி, தர்மபுரி அலுவலகங்கள் கவனத்துக்கு

சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருப்பவர்கள் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் கணக்கு ஒன்றில் வேண்டுமென்றே தப்பான பாஸ்வேர்டு போட்டு உள்ளே போக முடிகிறதா என்று பாருங்கள்.

கிருஷ்ணகிரியை ஒட்டிய ஒரு மாங்கூழ் ஆலையில் அப்படிப் போக முடிந்தது. மாம்பழ சீசன் ஓய்ந்த கையோடு, சர்வரின் இயங்குதளமான டெபியன் லினக்ஸை 12இலிருந்து 13க்கு ஏற்றித் தருவதாகச் சொல்லி ஒரு சர்வீஸ்காரர் 18,000 ரூபாய் வாங்கினார். சனிக்கிழமை இரவு வேலையை முடித்தார். திங்கட்கிழமை 42 கணக்கும் ஓடின, பணமும் முழுசாகக் கைமாறியது. பத்து நாள் கழித்து, கணக்குப் பிரிவில் ஒருவர் புதுப் போனில் மெயில் சேர்க்கும்போது பாஸ்வேர்டின் கடைசி எழுத்தை மாற்றி அடித்துவிட்டார். இன்பாக்ஸ் திறந்துகொண்டது. பக்கத்து நாற்காலிக்காரரின் முகவரியைப் போட்டு, பாஸ்வேர்டு கட்டத்தில் 1234 என்று அடித்துப் பார்த்தார்கள். அதுவும் திறந்தது.

நடந்தது இதுதான். பாஸ்வேர்டைச் சரிபார்த்து இன்பாக்ஸைத் திறந்து தரும் மென்பொருள் டவ்காட். டெபியன் 12இல் இருப்பது டவ்காட் 2.3, 13இல் வருவது 2.4. பெயருக்குச் சின்ன எண் மாற்றம், உள்ளே செட்டிங் எழுதும் முறையே வேறு. பழைய கோப்பை அப்படியே விட்டால் டவ்காட் எழுந்திருக்கவே எழுந்திருக்காது: முதல் வரியிலேயே கான்ஃபிக் வெர்ஷன் எழுதியிருக்க வேண்டும், ஸ்டோரேஜ் வெர்ஷனும் தனியே வேண்டும். அப்கிரேடு நடக்கும்போது கேட்கும் கேள்விக்கு ‘புதுக் கோப்பைப் போடு’ என்று சொன்னால் டவ்காட் எழும். ஆனால் அதில் இருப்பது லினக்ஸ் கணக்குகளைப் பார்க்கும் பேம் முறை. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் இருக்கும் மெயில் கணக்கு ஒன்றுகூட அதற்குத் தெரியாது.

மைஎஸ்கியூஎல் விவரம் முன்பு தனிக் கோப்பில் இருந்தது. 2.4 அந்தக் கோப்பைத் திரும்பியும் பார்க்காது. டேட்டாபேஸ் பெயர், பயனர், பாஸ்வேர்டு, தேடும் வரி எல்லாவற்றையும் டவ்காட்டின் செட்டிங்குக்குள்ளேயே எழுத வேண்டும். பாஸ்வேர்டை எங்கே பார்ப்பது என்று சொல்லும் பாஸ்டிபி, பயனர் விவரம் எங்கே என்று சொல்லும் யூசர்டிபி பகுதிகளுக்கும் பெயர் வைக்க வேண்டும். தேடும் வரியில் சதவீதக் குறியும் ஒற்றை எழுத்துமாக இருந்தவை, நெளி அடைப்புக்குள் முழுச் சொல்லாக மாறியாக வேண்டும்.

இவ்வளவையும் அந்த சர்வீஸ்காரர் சரியாகவே மாற்றியிருந்தார். சிக்கியது அடுத்ததில். 2.4 பலவீனமான பாஸ்வேர்டு முறைகளைத் தானாக ஏற்பதில்லை. அந்த ஆலையில் பல வருடங்களுக்கு முன் தொடங்கிய 31 கணக்குகள் எம்டி5-கிரிப்ட் என்ற பழைய, பலவீனமான முறையில் சேமிக்கப்பட்டிருந்தன. சரியான பாஸ்வேர்டு போட்டும் அவை உள்ளே விடவில்லை. சர்வரின் பதிவேடான லாகைப் படித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் காரணம் புரிந்திருக்கும். அவர் படிக்கவில்லை. டேட்டாபேஸைப் பார்க்கும் எஸ்கியூஎல் பாஸ்டிபியைச் செயல்படாதபடி கமெண்ட் ஆக்கிவிட்டு, கீழே ஸ்டாட்டிக் பாஸ்டிபி ஒன்றைப் போட்டு அதில் நோபாஸ்வேர்டு என்று எழுதிவிட்டார். அதற்குப் பொருள், யார் எந்தப் பாஸ்வேர்டு கொடுத்தாலும் சரி என்று சொல் என்பதுதான். ஊரில் பூட்டு ரிப்பேர் செய்பவர்கூட இதைச் செய்ய மாட்டார்.

மெயிலை அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ், வெளியே மெயில் அனுப்ப அனுமதி கேட்பதும் இதே டவ்காட்டிடம்தான். அதனால் மெயில் அனுப்பும் 587 போர்ட்டும் திறந்த வீடாகிவிட்டது. யாரோ அதைக் கண்டுபிடித்து ஸ்பேம் அனுப்பியிருந்தார்கள். கியூவில் ஆயிரக்கணக்கில் தேங்கிக் கிடந்தன, ஐபி முகவரி பிளாக்லிஸ்ட்டில் ஏறியிருந்தது. வெளிநாட்டு வாங்குபவர்களுக்குப் போக வேண்டிய கப்பல் ஆவணங்கள் திரும்பி வந்ததற்கும் அதுவே காரணம்.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. இதை நல்ல ஆட்களே தவறவிடுவார்கள். 2.3இல் டிஸேபிள் பிளெயின்டெக்ஸ்ட் ஆத் என்ற செட்டிங் ‘எஸ்’ என்றிருக்கும். 2.4இல் அதற்குப் பதில் ஆத் அலவ் கிளியர்டெக்ஸ்ட். பொருள் தலைகீழ். பழைய ‘எஸ்’, புதியதில் ‘நோ’ ஆக வேண்டும். பெயரை மட்டும் மாற்றி ‘எஸ்’ஸை விட்டால், மெயில் படிக்கும் 143 போர்ட்டில் டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்கம் இல்லாமலே பாஸ்வேர்டு போகும். இங்கே அப்படித்தான் விட்டிருந்தார்.

சரியான வழி: அப்கிரேடுக்கு முன் தற்போதைய செட்டிங்கைக் காட்டும் டவ்கான்ஃப் மைனஸ் என் கட்டளையின் வெளியீடு, டவ்காட் செட்டிங் கோப்புறை முழுவதும், டேட்டாபேஸ் டம்ப் மூன்றையும் சர்வருக்கு வெளியே எடுத்து வையுங்கள். சர்வரின் நகல் ஒன்றில் முதலில் ஓட்டிப் பாருங்கள். எம்டி5 கணக்கு எத்தனை என்று டேட்டாபேஸில் அன்றைக்கே எண்ணுங்கள். மறைத்துச் சேமித்த பாஸ்வேர்டுதான் ஹாஷ்; எம்டி5-கிரிப்ட் ஹாஷ் $1$ என்று தொடங்கும், எஸ்எச்ஏ512 என்றால் $6$. பழைய ஹாஷைப் புது முறைக்கு மாற்ற முடியாது, அது ஒருவழிப் பாதை. அந்த ஆட்களுக்குப் புதுப் பாஸ்வேர்டுதான் வைக்க வேண்டும்; டவ்அட்மின் பிடபிள்யூ கட்டளையில் வலுவான பிஎல்எஃப்-கிரிப்ட் முறையைச் சொல்லி உருவாக்குங்கள். ஒரே நாளில் எல்லாருக்கும் மாற்ற முடியாவிட்டால் ஆத் அலவ் வீக் ஸ்கீம்ஸ் என்பதை ‘எஸ்’ ஆக்கி ஒரு வாரம் ஓட்டலாம். வேலை முடிந்ததும் அதை எடுத்துவிடுங்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உள்ள பகுதியைத் தனிக் கோப்பில் வைத்து உரிமையாளர் மட்டும் படிக்கக்கூடிய 0600 அனுமதி கொடுங்கள். பொதுக் கோப்பில் விட்டால் சர்வரில் கணக்குள்ள எவரும் படித்துவிடலாம்.

அவசரமே வேண்டாம். டெபியன் 12க்கு எல்டிஎஸ் எனும் நீண்டகாலப் பாதுகாப்பு 2028 ஜூன் வரை இருக்கிறது. ‘இந்த வாரமே மாற்றாவிட்டால் சர்வர் போய்விடும்’ என்று மிரட்டுபவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் கண்ணெதிரே டவ்அட்மின் ஆத் டெஸ்ட் ஓட்டச் சொல்லுங்கள். சரியான பாஸ்வேர்டுக்கு சக்சீடட் என்று வர வேண்டும். தப்பானதுக்கு ஃபெயில்டு என்று வர வேண்டும். இரண்டாவதைக் காட்டாதவருக்குப் பாதிப் பணம்கூடக் கொடுக்காதீர்கள். பிறகு போனிலும் தண்டர்பேர்டிலும் 993 (மெயில் படிக்க), 587 (அனுப்ப) இரண்டையும் தப்பான பாஸ்வேர்டில் தனித்தனியே பாருங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் ஸ்டாட்டிக் பகுதியை நீக்கியதோடு நிற்க வேண்டாம். அத்தனை கணக்கின் பாஸ்வேர்டு, டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, ரூட் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் மாற்றுங்கள். பாஸ்வேர்டு இல்லாமல் சர்வருக்குள் நுழையும் சாவிகள் இருக்கும் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பைத் திறந்து, உங்களுக்குத் தெரியாத எஸ்எஸ்எச் சாவி இருந்தால் அழியுங்கள். அந்த ஆலையில் ஒன்று கிடந்தது. யாராவது மெயிலுக்குள் புகுந்து மெயில் ஃபார்வர்டு விதி எழுதி வைத்திருக்கிறார்களா என்று சீவ் கோப்புகளையும் பாருங்கள். இப்படி அத்துமீறல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் வெளியான உத்தரவு. போலி வங்கிக் கணக்குக்குப் பணம் போயிருந்தால் அதே நிமிடத்தில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.