ஈரிழைத் துண்டு: நீளமான முடிக்கு இதுதான் சரி

ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் வாங்கிய ஈரிழைத் துண்டுதான் இப்போது எங்கள் வீட்டில் தலை துவட்ட. வெள்ளை, சிவப்புக் கரை, கையில் எடுத்தால் கனமே தெரியாது. என் மகளுக்கு இடுப்பைத் தாண்டிய முடி. எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று தடிமனான டர்க்கி டவலைவிட இது சீக்கிரம் ஈரத்தை எடுக்கிறது.

முதல் நாள் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்து மாதிரி மேலேயே நிற்கும். நூலில் ஏற்றிய கஞ்சியும் பருத்தியில் மிச்சமிருக்கும் மெழுகும் தண்ணீரை ஒட்டவிடாது. ராத்திரி ஊறப்போட்டு, வெந்நீரில் சோப்புப் போட்டு இரண்டு மூன்று தரம் துவைத்துவிடுங்கள். அப்புறம் அதே சொட்டு விழுந்த நொடியே நூல் வழியாக நாலு பக்கமும் ஓடிவிடும்.

ஈரமான கூந்தலில் முடிக்கும் முடிக்கும் நடுவிலுள்ள இடுக்குகளில் தண்ணீர் தங்கியிருக்கிறது. பருத்தி இழையோ தலைமுடியைவிட நாலைந்து மடங்கு மெல்லியது. அதனால் நூலுக்குள் இருக்கும் இடுக்குகள் இன்னும் குறுகல். இடுக்கு எவ்வளவு குறுகலோ, தண்ணீரை இழுக்கும் விசை அவ்வளவு அதிகம். துணி முடியோடு ஒட்டியிருந்தாலே போதும், தண்ணீர் தானாக இந்தப் பக்கம் வந்துவிடும். அதனால் பரபரவென்று தேய்க்காதீர்கள், முடிதான் உடையும். சுற்றிக் கட்டி, மெல்ல அழுத்திப் பிடியுங்கள்.

இன்னொன்று. ஈரம் ஏற ஏற வேகம் குறையும். இரண்டு மடங்கு தூரம் போக ஏறக்குறைய நாலு மடங்கு நேரம் ஆகும். நனைந்த இடத்தையே பிடித்துக்கொண்டு காத்திருக்காமல், காய்ந்த பக்கத்துக்கு மாற்றிக் கட்டுங்கள்.

துணியை மிருதுவாக்கும் திரவத்தை இதற்குத் தயவுசெய்து ஊற்றாதீர்கள். இழைமேல் வழவழப்பாகப் படிந்து, உறிஞ்சுவதைக் கெடுத்துவிடும்.

குறை என்றால், ஓரத்தில் நூல் பிரிகிறது, தைத்துக்கொள்ள வேண்டும். சிவப்புக் கரை முதல் துவைப்பில் கொஞ்சம் சாயம் விட்டது, தனியாகத் துவைப்பது நல்லது.

பாலியஸ்டர் கலந்ததையும் பருத்தி என்று சொல்லி விற்கிறார்கள். ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கொளுத்திப் பாருங்கள். சுத்தப் பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாக உதிரும். கலப்பு என்றால் உருகிக் கெட்டியாக உருண்டுவிடும்.