வெள்ளம் எடு என்றார்கள்

மெல்பர்னிலிருந்து, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. இளநீரையும் வேலந்தாவளம் சந்தையையும் பற்றி எழுதத்தான் நினைத்திருந்தேன். ஆனால் மனம் தம்பி மகனின் மதிப்பீட்டுத் தாளை விட்டு நகர மறுக்கிறது.

பையனுக்கு ஏழு வயது, டவுன் சின்ட்ரோம். மாற்றுத்திறனாளி அட்டைக்காக ஒரு மையத்துக்கு அழைத்துப் போனோம். பரிசோதித்த பெண் அன்பானவர்தான். மலையாளத்தில் “வாதில் அடைக்கூ” என்றார், பையன் சிரித்தான். மேசையைக் காட்டி “வெள்ளம் எடுக்கூ” என்றார்; மறுபடியும் சிரித்தான். வெள்ளம் என்றால் தமிழ் பேசும் எங்கள் வீட்டில் ஆற்றில் வருவது. குடிப்பது தண்ணீர். ‘எளிய கட்டளைகள் புரியவில்லை’ என்று தாளில் ஏறிவிட்டது.

அம்மா பொறுக்க மாட்டாமல், “கண்ணு, அந்தக் கதவைச் சாத்து” என்றார். எழுந்து போய்ச் சாத்தினான். கேட்காமலே தாழ்ப்பாளும் போட்டான். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தார். தாளில் எழுதியதை மட்டும் திருத்தவில்லை. போதாததற்கு, வீட்டிலும் மலையாளமே பேசுங்கள், இரண்டு மொழி குழந்தையைக் குழப்பும் என்று அறிவுரை வேறு. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளும் இரண்டு மொழி பழகுகிறார்கள்; அதனால் பேச்சு கெடுவதில்லை என்று ஆய்வுகள் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

“விடுக்கா, மதிப்பெண் குறைந்தால் குறைபாட்டுச் சதவீதம் கூடும். 40 இருந்தால்தானே சலுகை” என்றான் தம்பி. எனக்குக் கோபம் வந்தது. அட்டை ஒருபுறம் இருக்கட்டும். பேச்சுப் பயிற்சிக்கும் இதே தாள்தானே போகும்? தெரிந்ததையே திரும்பக் கற்பித்துக்கொண்டு இருப்பார்கள்.

மெல்பர்ன் மட்டும் சொர்க்கமா என்றால், இல்லை. அங்கே 131450 என்ற எண்ணை அழைத்தால் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார், உண்மைதான். பக்கவாதம் வந்த மாமனாருக்காக அழைத்தபோது யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வந்தார். “ஐயா கதைக்கிறவரோ?” என்றார். “முன்பெல்லாம் பேரனுக்கு நிறையக் கதை சொல்வார்” என்றேன் நான். பேச்சு வருகிறதா என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். இருவரும் தமிழர்களாக இருந்தே இந்தக் கதி.

கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் வட்டம், தமிழருக்கான மொழிச் சிறுபான்மைப் பகுதி. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி இங்குள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். மறுமதிப்பீடு கேட்டு அப்படியே எழுதிக் கொடுத்தோம். எழுத்தர் இரண்டு முறை படித்துவிட்டு முத்திரை குத்தினார். அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். புதிய படிவத்தில் வீட்டு மொழிக்கு இடமே இல்லை. தம்பி ஓரத்தில் சிவப்பு மையில் ‘தமிழ்’ என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டான்.