ரக்பி சாமான் ஒன்லைனில வாங்கிற பெற்றோர் ஒருக்கா வாசியுங்கோ

லண்டனில இருக்கிறம், மகன் அண்டர் 13 ரக்பி விளையாடுறான். எங்கட வீட்டில கிரிக்கெட்டைத் தவிர ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது, ரக்பிச் சாமான் மட்டுமே விக்கிற கொம்பனி எண்டா அவையளுக்குத் தெரியாததே எண்டு நம்பி ஓகஸ்டில ஓர்டர் போட்டன். பேர் அடிச்ச ஜேர்சி 55 பவுண், ஸ்க்ரம் கப் (ரக்பியில தலைக்குப் போடுற மெத்தைத் தொப்பி) 42, அதிலயும் பேர் தைச்சு, சைஸ் 4 பந்து 18.

சீசன் துவங்கீட்டுது, பாசலைக் காணேல்ல. ஈமெயில் போட்டா "வேலை நடக்குது" எண்டு ஒரே பதில், போன் எடுத்தா பாட்டுத்தான் போகுது. ஆறு கிழமையால வந்துது. பந்து பிழை சொல்ல ஏலாது. ஜேர்சியில எங்கட பதினஞ்செழுத்துப் பேரில ரெண்டு எழுத்தைக் காணேல்ல, மனிசி பாத்திட்டுச் சிரிச்சவ, எனக்குச் சிரிப்பு வரேல்ல.

கூத்து நடந்தது கப்பாலதான். ஞாயிறு காலமை, மழை தூறுது, மட்ச் துவங்க முதல் ரெஃப்ரி பெடியளின்ர சப்பாத்தைத் தூக்கச் சொல்லி அடியில இருக்கிற ஸ்டட்டுக் குமிழுகளைக் கையால தடவிப் பாத்துக்கொண்டு வந்தவர், இவனிட்ட வந்து கப்பைக் கழட்டச் சொல்லி உள்பக்கத்தைப் பிரட்டிப் பாத்தார். வேர்ல்ட் ரக்பி, அதுதான் உலக ரக்பிச் சங்கத்தின்ர அப்ரூவல் மார்க் எங்க எண்டு கேட்டார். இல்லை. போடேலாது எண்டிட்டார். நல்ல காலம் கப் கட்டாயமில்லை, இவன் அது இல்லாமலே இறங்கினான், ஆனா முகம் செத்துப்போச்சு. வீட்ட வந்து அடிமட்டம் வச்சுப் பாத்தன், காதுக்கு மேல பஞ்சு 14 மில்லிமீற்றர் தடிப்பு. விதிப்படி 10 தான். இந்தக் கப் தலையில அடிபட்டு மூளை கலங்கிறதைத் தடுக்கும் எண்டும் வெப்சைட்டில போட்டிருந்தவை, அது சுத்தப் பொய், ஸ்க்ரம் கப் காதையும் தோலையும் வெட்டுக்காயத்தில இருந்து காக்குமே தவிர வேற ஒண்டுமில்லை.

திருப்பி எடுங்கோ எண்டன். பேர் போட்ட சாமான் எடுக்கமாட்டினமாம். நானும் முதல் நம்பீட்டன். பிறகுதான் வாசிச்சன், ஒன்லைனில வாங்கினா 14 நாளுக்குள்ள மனசு மாறித் திருப்பிக் குடுக்கிற உரிமைதான் பேர் போட்ட சாமானுக்கு இல்லை, சாமானே பிழையெண்டா 2015ம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள்ள வேண்டாம் எண்டு முழுக் காசும் கேக்கலாம், பேர் இருந்தாலும் சரி இல்லாட்டியும் சரி. அதை எழுதி, ஜேர்சிக்கு நான் குடுத்த எழுத்தையும் அவையள் அடிச்ச எழுத்தையும் பக்கத்தில பக்கத்தில படம் எடுத்து அனுப்பினன். பதிலே இல்லை.

கிரெடிட் காட்டில கட்டினதால செக்சன் 75, அதுதான் சாமான் பிழையெண்டா வங்கியிட்டயும் காசு கேக்கலாம் எண்ட சட்டம், இருக்குத்தானே எண்டு வங்கிக்கு அடிச்சா, அது மொத்த பில்லுக்கு இல்லையாம், ஒரு பொருளின்ர விலை 100 பவுணுக்கு மேல இருக்கோணுமாம். என்ர பில் 115, ஒண்டும் தனிய 100 வரேல்ல. வங்கியில போன் எடுத்த பிள்ளை நல்ல பிள்ளை, சார்ஜ்பேக் (வங்கி கடைக்காரரிட்ட இருந்து காசைத் திருப்பி எடுக்கிற முறை) போடுங்கோ அண்ணா எண்டு தமிழிலயே சொல்லித் தந்தவ. படங்கள், ஈமெயில், ரெஃப்ரி நிப்பாட்டின விசயம் எல்லாம் குடுத்து அஞ்சு கிழமையால கப்புக்கும் ஜேர்சிக்கும் 97 பவுண் வந்துது.

வாங்க முதல் லேபிள் படத்தைக் கேளுங்கோ, அந்த மார்க்கைக் காட்டமாட்டினம் எண்டா விட்டிடுங்கோ. அந்தக் கப் நேற்றும் அவையளின்ர சைட்டில அதே படத்தோட 42 பவுணுக்குக் கிடக்கு.