வீட்டுப் பத்திரம் 54 நாள் தாமதம்: வங்கியிடம் இழப்பீடு வாங்கிய கதை

2024 மார்ச் 11, திங்கட்கிழமை. வீட்டுக் கடனின் கடைசித் தொகையைக் கட்டி, பாக்கி ஏதும் இல்லை என்ற 'நோ டியூ' கடிதமும் வாங்கிக்கொண்டு திருநகர் வீட்டுக்கு வந்தேன். வாசலில் உட்கார்ந்திருந்த அப்பா முதலில் கேட்டது, "பத்திரம் வந்துருச்சாப்பா?"

வரவில்லை. சென்னையில் இருக்கும் சேமிப்பகத்திலிருந்து வர வேண்டும், ரெண்டு வாரம் ஆகும் என்று கிளையில் சொல்லியிருந்தார்கள். அந்த மனை, மில் வேலையில் மிச்சம் பிடித்து 1987-ல் அப்பா வாங்கியது. எழுபத்தாறு வயதாகிறது, தெம்பு இருக்கும்போதே மாடியைத் தம்பி பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்கு மூலப்பத்திரம் கையில் வேண்டும்.

ரெண்டு வாரம் நாலு வாரமானது. "தேர்தல் முடியட்டும் சார்" என்றார்கள். ஏப்ரல் 19-ல் ஓட்டுப் போட்டோம். "அழகர் ஆத்துல எறங்கட்டும் சார், எல்லாரும் லீவு" என்றார்கள். 23-ஆம் தேதி அழகரும் இறங்கிவிட்டார். ஒவ்வொரு முறையும் பேருந்து ஏறிப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். எதற்கும் எழுத்தில் ஆதாரம் வைத்துக்கொள்ளவில்லை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் நஷ்டம் செய்தது அதுதான்.

எங்கள் தெருவில் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். அவர்தான் நிறுத்தினார். "தம்பி, வாயால கேட்டா வாயாலதான் பதில் வரும். எழுதிக் குடு, நகல்ல சீல் வாங்கு." ரிசர்வ் வங்கியின் 2023 செப்டம்பர் 13 சுற்றறிக்கையையும் அவர்தான் காட்டினார்.

அதன்படி, தனிநபர் கடனை (வீட்டுக் கடனும் இதில் சேரும்) முழுதாக அடைத்த 30 நாளுக்குள் அடமானமாக வாங்கிய அசல் ஆவணங்கள் அத்தனையையும் வங்கி திருப்பித் தர வேண்டும், பதிவேடுகளில் ஏறிய அடமானப் பதிவையும் நீக்க வேண்டும். தாமதம் வங்கியால் ஏற்பட்டதென்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. தாமதத்துக்கான காரணத்தையும் வங்கியே நமக்குத் தெரிவிக்க வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் ஆவணம் திரும்ப வேண்டிய எல்லாக் கடன்களுக்கும் இது பொருந்தும். பத்திரம் தொலைந்துபோனால் சான்றிட்ட நகல் எடுக்க உதவுவதும் அந்தச் செலவை ஏற்பதும் வங்கியின் பொறுப்பு. அந்த வேலைக்கு மட்டும் கூடுதலாக 30 நாள் அவகாசம் உண்டு.

எனக்குக் கெடு ஏப்ரல் 10. மே 2-ஆம் தேதி கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் ரவுண்டு சீல் வாங்கினேன். மே 27 அன்று கிளையிலிருந்து போன், "பத்திரம் வந்திருச்சு, வாங்க." அன்றைக்கு அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். ஜூன் 3-ல்தான் போக முடிந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பத்திரத்தைக் கொடுக்கும்போது ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். கீழே பொடி எழுத்தில், 'வங்கி மீது எனக்கு வேறு எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஒரு வரி. பத்திரத்தைக் கண்ணில் பார்த்த சந்தோஷத்தில் போட்டுவிடத்தான் கை போனது. பெரியவர் சொன்னது நினைவுக்கு வர, அந்த வரியை அடித்துவிட்டு, 'ஆவணங்களை மட்டும் பெற்றுக்கொண்டேன். தாமத இழப்பீட்டுக் கோரிக்கை நிலுவையில் உள்ளது' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். அதிகாரி முகம் மாறியது, ஆனாலும் வாங்கிக்கொண்டார். அதையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். பின்னால் என்னைக் காப்பாற்றியது அந்தப் படம்தான். கடன் வாங்கியபோது அவர்கள் கொடுத்த ஆவணப் பட்டியலையும் கையில் எடுத்துப் போயிருந்தேன். தாய்ப்பத்திரம், பட்டா நகல், கட்டட வரைபடம் எல்லாவற்றையும் அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகுதான் எழுந்தேன்.

ஏப்ரல் 10-லிருந்து ஜூன் 3 வரை 54 நாள். 2,70,000 ரூபாய். கிளை மேலாளரிடம் கேட்டேன். "அதெல்லாம் ஹெட் ஆபீஸ் முடிவு சார்" என்றார். ஜூன் 20-ல் ஒரு மின்னஞ்சல் வந்தது. நல்லெண்ண அடிப்படையில் 10,000 ரூபாய் தருகிறார்களாம். நான் கேட்டது நல்லெண்ணம் இல்லை, விதியில் எழுதியிருக்கும் தொகை. வேண்டாம் என்று பதில் போட்டேன்.

ஜூலை 1-ல், வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில், அதற்கான சிஎம்எஸ் என்ற புகார் இணையதளம் வழியாகப் புகார் பதிந்தேன். 2021 நவம்பரில் தொடங்கிய திட்டம் இது. கட்டணம் கிடையாது. வக்கீல் வழியாகப் போக முடியாது, நாமேதான் எழுத வேண்டும். அது நல்லதுதான், செலவு மிச்சம். சந்தேகம் என்றால் 14448-க்கு அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம்.

அந்தப் புகார் விசாரணைக்கே போகாமல் முடிக்கப்பட்டது. தவறு என்னுடையது. மே 2 கடிதத்தில் பத்திரம் வேண்டும் என்று மட்டும்தான் கேட்டிருந்தேன். இழப்பீட்டை வாயால் கேட்டேனே தவிர, நாள் கணக்கும் தொகையும் போட்டு வங்கிக்கு ஒரு கடிதம்கூட எழுதவில்லை. முதலில் வங்கியிடம் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். அவர்கள் மறுத்தாலோ, கொடுத்த பதில் நமக்குத் திருப்தி தராவிட்டாலோ, 30 நாள் பதிலே இல்லாமல் போனாலோதான் குறைதீர்ப்பாளரிடம் போக முடியும். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜூலை 22-ல் சரியாக எழுதினேன். கடன் முடிந்த நாள், கெடு நாள், பத்திரம் கைக்கு வந்த நாள், நாள் கணக்கு, தொகை, சுற்றறிக்கைத் தேதி. ஒரே பக்கம். கிளைக்கும், வங்கியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கும் பதிவுத் தபால், கூடவே மின்னஞ்சல். முப்பது நாள் போனது, பதில் இல்லை. ஆகஸ்ட் 26-ல் மறுபடி பதிந்தேன். இந்த முறை ஏற்றுக்கொண்டார்கள்.

வங்கியின் பதில் வந்தபோது, 'வாடிக்கையாளர் ஆவணங்களைப் பெற வரவில்லை' என்று இருந்தது. நான் மே 2 கடிதத்தின் சீல் நகலையும் ஜூன் 3 தாளின் படத்தையும் அனுப்பினேன். அதன் பிறகு பேச்சு, வரவில்லை என்பதிலிருந்து எத்தனை நாள் என்பதற்கு மாறியது. மே 27-ல் போன் செய்ததற்கு அவர்களிடம் ஆதாரம் இருந்தது. அதற்குப் பிந்தைய ஏழு நாள் என்னால் ஆன தாமதம் என்றார்கள். யோசித்துப் பார்த்தேன். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தது என் கஷ்டம், அதற்கு வங்கியைப் பொறுப்பாக்க முடியாது. 47 நாளுக்கு ஒப்புக்கொண்டேன். 2,35,000 ரூபாய். அக்டோபர் 30-ல் சமரசம்.

பணம் மட்டும் வரவில்லை. கடன் கணக்கு முடிந்துவிட்டது, எந்தக் கணக்கில் போடுவது என்றார்கள். ரத்து செய்த காசோலை கொடுத்தேன். இருவர் பெயரில் கடன், அப்பாவின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள். அதையும் கொடுத்தேன். நாலு வாரம் தாண்டியதும், சமரசத் தேதியைக் குறிப்பிட்டு குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றாம் நாள், டிசம்பர் 6-ல், கணக்கில் ஏறியது.

வில்லங்கச் சான்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம்மூரில் கடன் வாங்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்ஓடி, அதாவது பத்திரத்தை ஒப்படைத்து அடமானம் வைத்ததற்கான ஆவணம், பதிந்திருப்பார்கள். கடன் தீர்ந்ததும், அடமானம் முடிந்தது என்பதற்கான ரசீது ஆவணத்தையும் அங்கே பதிய வேண்டும், அதற்கு வங்கியின் ஒத்துழைப்பு தேவை. பத்திரம் கைக்கு வந்துவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது. வில்லங்கத்தில் பழைய எம்ஓடி அழியாது, அதன் பிறகு ரசீது ஒரு தனிப் பதிவாக ஏறும். அதைப் பார்க்காமல் வாங்குபவரும் நம்ப மாட்டார், அடுத்த வங்கியும் நம்பாது. நான் பத்திரம் வாங்கிய அன்றே இதையும் எழுதிக் கேட்டிருந்ததால் ஜூலையில் முடிந்தது.

தம்பிக்கான செட்டில்மென்ட் 2025 ஜனவரியில் பதிவானது. அப்பா நிதானமாக, ஒவ்வொரு பக்கத்திலும் தன் கையாலேயே கையெழுத்துப் போட்டார். எதிர்வீட்டு அக்காவின் கடன் வருகிற மார்ச்சில் முடிகிறது. அவருக்கு இரண்டு கடிதங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்று பத்திரம் கேட்டு, இன்னொன்று இழப்பீடு கேட்டு. தேதி மட்டும் போட வேண்டும்.