முன் சீட்டுக்குக் காசு கட்டலாமா, இ-கேட்டுக்குப் பதிஞ்சு வெக்கலாமா? சிங்கப்பூர் போய்ட்டு வந்த கணக்கு

நாங்க ரெண்டு பேரு, மச்சானும் தங்கச்சியும் ரெண்டு பேரு, நாலு பேரும் ஒரே ஃப்ளைட்ல சென்னைல இருந்து சிங்கப்பூர் போய்ட்டு வந்தோம். லீவே மொத்தம் அஞ்சு நாள், அதுல இமிக்ரேஷன் க்யூல ஒரு மணி நேரம் நின்னா மனசு கேக்காதுன்னு ரெண்டு வீட்லயும் யோசிச்சோம், ஆனா ஆளுக்கொரு வழில போனோம். மச்சான் முன்னாடி மூணாவது வரிசைக்கு எக்ஸ்ட்ரா காசு கட்டிட்டாரு, போக வர ரெண்டுக்கும். நான் சீட்டுக்கு ஒரு ரூபா கட்டல, 27வது வரிசை தான் கெடச்சது, பதிலுக்கு இ-கேட்டுக்கு (மெஷினே பாஸ்போர்ட்டயும் ஆளையும் பாத்து உள்ள விடற இமிக்ரேஷன் வாசல்) பதியறதுல இருந்து பேப்பர் வேலை எல்லாத்தையும் கெளம்பறதுக்கு முன்னாடியே முடிச்சு வெச்சேன்.

ஏர்போர்ட்ல ஆள் வெச்சு கூட்டிட்டுப் போற பெய்டு சர்வீஸும் இருக்கு. வயசானவங்க தனியா வர்றாங்கன்னா அது சரி. நல்லா நடக்கற ரெண்டு பேருக்கு அவ்ளோ செலவு தேவையில்ல.

முதல்ல சிங்கப்பூர். ஏரோபிரிட்ஜ்ல (ப்ளேன் கதவுல இருந்து டெர்மினலுக்கு நேரா நடந்து போற பாலம்) தான் நிறுத்துனாங்க, நடுவுல ஒரே நடைபாதை இருக்கற ப்ளேன், அதனால மச்சான் இறங்கி கால் மணி நேரம் கழிச்சு தான் நாங்க வெளிய வந்தோம். இங்க முன் சீட்டு ஜெயிச்சது, அத மறைக்க வேணாம். ஆனா இமிக்ரேஷன் ஹால்ல போய் பாத்தா அவங்க ஓரமா நின்னு ஃபோன்ல எஸ்ஜி அரைவல் கார்டு (சிங்கப்பூருக்குள்ள வர்றவங்க ஆன்லைன்ல போட வேண்டிய ஃபாரம்) ஃபில் பண்ணிட்டு இருக்காங்க, தங்கச்சியோடது விட்டுப் போச்சாம். அத, நாம வந்து சேர்ற நாளையும் சேத்து மூணு நாளைக்குள்ள ஆன்லைன்ல போடணும், சிங்கப்பூர் இமிக்ரேஷன் துறையான ஐசிஏவோட சொந்த சைட்லயும் ஆப்லயும் இலவசம், காசு கேக்கற சைட் எதுவா இருந்தாலும் உடனே மூடிடுங்க. விசா வேற, இது வேற, ரெண்டும் வேணும். நாங்க வீட்லயே போட்டு வெச்சதால நேரா ஆட்டோமேட்டிக் கேட்டுக்குப் போய், பாஸ்போர்ட்ட ஸ்கேன் பண்ணி, கேமராவ பாத்துட்டு வெளிய வந்துட்டோம். 2024ல இருந்து வெளிநாட்டுக்காரங்களும் முன்கூட்டியே பதியாம அந்த கேட்ல போலாம், 6 வயசு ஆகியிருந்தா போதும். பாஸ்போர்ட்ல சீல் கெடையாது, மெயில்ல தான் இ-பாஸ் (எவ்ளோ நாள் தங்கலாம்னு சொல்ற அனுமதி) வரும், அதனால மெயில் ஐடி தப்பில்லாம போடுங்க.

திரும்பி சென்னைக்கு வந்தப்போ தான் எனக்கு முழுசா புரிஞ்சுது. ராத்திரி ஃப்ளைட், ப்ளேன தூரத்துல ஓரமா நிறுத்திட்டாங்க, ஏணி வெச்சு இறங்கி பஸ்ல போகணும். நீங்க முன் சீட்டுக்குக் கட்டுற காசு மொத்தமும் இந்த இடத்துல தான் கரையுது. மச்சான் முதல் ஆளா இறங்குனாரு, முதல் ஆளா பஸ்ல ஏறுனாரு, முதல்ல ஏறுனவரு உள்ள தள்ளிப் போய் தானே நிக்கணும், பஸ் ரொம்பற வரைக்கும் நகரல. பின் கதவுலயும் ஏணி வெச்சாங்க, அதனால 27வது வரிசைல இருந்த நாங்களும் ரொம்ப லேட் ஆகாம இறங்கிட்டோம், நடு வரிசைக்காரங்க தான் பாவம் கடைசி. மச்சான் இருந்த பஸ்ல நாங்க கடைசியா ஏறி கதவு ஓரமா நின்னோம், டெர்மினல்ல கதவு தொறந்ததும் முதல்ல இறங்குனது நாங்க தான், மச்சான் எங்களுக்குப் பின்னாடி நாப்பது பேர தாண்டி வர்றாரு. ஏரோபிரிட்ஜா பஸ்ஸான்னு டிக்கெட் போடும்போது யாரும் சொல்ல மாட்டாங்க, சொல்லவும் முடியாது, அன்னிக்கு எந்த இடம் காலியா இருக்கோ அங்க தான் நிறுத்துவாங்க. அப்போ நம்ம கைல இல்லாத ஒரு விஷயத்த நம்பி, ஒவ்வொரு தடவையும், ஒவ்வொரு ஆளுக்கும் காசு கட்டிட்டு இருக்கோம்.

அதே நேரத்துல இன்னும் ரெண்டு ஃப்ளைட் வந்து இறங்கியிருந்தது, ஹால் ஃபுல்லா ஜனம். அங்க எங்களுக்கு உதவுனது எஃப்டிஐ-டிடிபி, அதாவது முன்னாடியே பதிஞ்சவங்கள இ-கேட் வழியா விடற, மத்திய அரசோட ஃபாஸ்ட் ட்ராக் இமிக்ரேஷன் திட்டம். 2024 ஜூன்ல டெல்லில தொடங்குனது, 2025 ஜனவரில சென்னைக்கும் அதே வருஷம் செப்டம்பர்ல திருச்சிக்கும் வந்துச்சு. இந்தியக் குடிமக்களும் ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்குன இந்திய வம்சாவளிக்காரங்களோட கார்டு) வெச்சிருக்கறவங்களும் போடலாம். கட்டணம் எதுவும் கட்டல. ஆன்லைன்ல பாஸ்போர்ட் பக்கங்கள், ஃபோட்டோ, அட்ரஸ் ப்ரூஃப் ஏத்தணும், பாஸ்போர்ட்ல கொறஞ்சது ஆறு மாசம் வேலிடிட்டி இருக்கணும், அப்ரூவ் ஆனதும் போய் கைரேகையும் முகமும் பதியணும். ஒரு தடவை பதிஞ்சா 5 வருஷம், இல்லன்னா பாஸ்போர்ட் முடியற வரைக்கும், எது முன்னாடி வருதோ அது. எங்களுக்கு அப்ரூவல் வர மூணு வாரம் ஆச்சு, அதனால டிக்கெட் போட்ட அன்னிக்கே அப்ளை பண்ணிடுங்க.

இ-கேட்ல நாங்க ரெண்டு பேரும் ரெண்டு மூணு நிமிஷத்துல வெளிய வந்துட்டோம். வீட்டம்மாவுக்கு முதல் தடவை விரல் ரேகை எடுக்கல, ஏசில கை வறண்டு போயிருந்தது, கர்சீஃப்ல தொடச்சிட்டு வெச்சதும் எடுத்துச்சு. போர்டிங் பாஸ ப்ளேன்லயே போட்டுட்டு வந்துடாதீங்க, கேட்ல கேக்கும். மச்சான் சாதா க்யூல முப்பத்தஞ்சு நிமிஷம் நின்னாரு. நான் சென்னைல உள்ள வர்றப்போ இத யூஸ் பண்ணது இந்த ஒரு தடவை தான், எப்பவும் இப்படியே காலியா இருக்கும்னு அடிச்சு சொல்ல மாட்டேன்.

ஒண்ணு மட்டும் மச்சான் பக்கம் நியாயம். அவங்க பெட்டிய செக்-இன் போட்டிருந்தாங்க, அவரு க்யூ தாண்டி வர்றதுக்குள்ள பெட்டி பெல்ட்ல சுத்திட்டு இருந்துச்சு. நாங்களும் பெட்டி போட்டிருந்தா சீக்கிரம் வந்து பெல்ட் முன்னாடி நின்னிருப்போம், அவ்ளோ தான். நாங்க ஆளுக்கு 7 கிலோ பையோட போனதால தான் அந்த நேரம் உண்மையாவே மிச்சமாச்சு. சிங்கப்பூர் முஸ்தஃபா கடைல அள்ளிட்டு வரணும்னு நெனைக்கறவங்களுக்கு இது ஒத்து வராது. கோடாலி தைலம் சின்ன பாட்டில் 100 மில்லிக்குள்ள தான், அது கைப்பைலயே வந்துடும்.

கைக்கொழந்தையோட போறவங்க, இறங்கி உடனே இன்னொரு ஃப்ளைட் புடிக்கணும்னு இருக்கறவங்க முன் சீட்டு எடுக்கறதுல தப்பே இல்ல. மத்தவங்க அந்தக் காசுல சிங்கப்பூர்ல நல்லா ஒரு வேளை சாப்டுங்க. மச்சான் வீட்ல இப்ப ரெண்டு பேரும் இ-கேட்டுக்கு அப்ளை பண்ணிட்டாங்க, தங்கச்சி பாஸ்போர்ட் அடுத்த வருஷம் முடியுது, அத முதல்ல ரினியூ பண்ணிட்டு அப்புறம் போட்டிருந்தா ரெண்டாவது தடவை அலைய வேண்டியிருக்காது.